வீட்டு முன்னால் புல்தரை: கொரியனா, அருகம்புல்லா, எருமைப்புல்லா?

14 ஜூலை 2024 | கேள்வி, மதுரையிலிருந்து

புது வீட்டுக்கு முன்னால் 2 சென்ட் காலியாகக் கிடக்கிறது. புல்தரை போடலாம் என்று ஆசை. நர்சரிக்காரர் கொரியன் புல்தான் பெஸ்ட், வெட்டவே வேண்டாம், மெத்தை மாதிரி இருக்கும் என்கிறார். மேஸ்திரி எருமைப்புல் போடச் சொல்கிறார், சீக்கிரம் பிடிக்குமாம். மேற்கு ஓரத்தில் பழைய வேப்பமரம் ஒன்று நிற்கிறது. தண்ணீர் போர்தான், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1500 காட்டுகிறது. இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். எதைப் போடலாம்?

14 ஜூலை 2024, இரவு

கொரியனை விடுங்கள் சார். பிள்ளைகளும் நாயும் ஓடுகிற இடத்துக்கு அது சரிப்படாது. மிதி ஓரளவு தாங்கும். ஆனால் ஓர் இடம் தேய்ந்து மண் தெரிய ஆரம்பித்தால் அது மூடிவர மாதக்கணக்காகும். அதற்குள் பிள்ளைகள் அடுத்த இடத்தைத் தேய்த்துவிடுவார்கள்.

உங்களுக்கு அருகம்புல் வகைதான். நர்சரியில் பெர்முடா என்று கேளுங்கள். "அருகம்புல் கொடுங்க" என்றால் பிள்ளையாருக்கா என்று திருப்பிக் கேட்பார்கள்.

எருமைப்புல்லுக்கு உங்கள் தண்ணீர் ஆகாது. காரணம் நாளைக்கு எழுதுகிறேன், இப்போது விம்பிள்டன் இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

15 ஜூலை 2024

தண்ணீர்க் கணக்கு.

டிடிஎஸ் எண்ணை 640-ஆல் வகுத்தால் தண்ணீரின் மின்கடத்துதிறன், அதாவது ஈ.சி., மீட்டருக்கு இத்தனை டெசிசைமன் என்ற கணக்கில் தோராயமாக வரும். உப்பு கூடக் கூட இந்த எண்ணும் கூடும். 1500 என்றால் 2.3 சொச்சம். தண்ணீரில் 2.3 என்றால் மண்ணில் அதைவிடக் கூடுதலாகவே ஏறும். வெயிலில் நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். அருகம்புல் மண்ணில் 6.9 வரைக்கும் பெரிதாகச் சுணங்காது. எருமைப்புல் என்று இங்கே விற்கிற அந்த அகல இலைப் புல் உப்புக்கு ரொம்பப் பலவீனம். முதல் கோடையிலேயே இலை நுனி கருகும். நீங்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே உப்புத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றுவீர்கள்.

அளவு எவ்வளவு என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். 2 சென்ட் என்பது 871 சதுர அடி, ஏறக்குறைய 81 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். புல்தரைக்கு வாரத்துக்கு ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. ஆக வாரம் 2000 லிட்டர். ஆயிரம் லிட்டர் சிண்டெக்ஸ் தொட்டி வாரம் இரண்டு. மதுரை மே மாதத்தில் இதற்கு மேலும் கேட்கும். போரில் அவ்வளவு வருமா என்று பார்த்துக்கொண்டு அப்புறம் புல்லின் பெயரைப் பேசலாம்.

15 ஜூலை 2024, கொஞ்ச நேரம் கழித்து

கீழே ஒருவர் விம்பிள்டன் புல்லை இங்கே வளர்க்க முடியாதா என்று கேட்டிருக்கிறார். அது ரைகிராஸ். 2001 முதல் அங்கே முழுக்க அதுதான். ஆட்டத்துக்கு 8 மி.மீ. உயரத்தில் வெட்டி வைத்திருப்பார்கள். குளிர் தேசத்துப் புல் அது. மதுரையில் மார்கழியில் முளைத்து உங்களைச் சந்தோஷப்படுத்தும், பங்குனியில் காணாமல் போகும். ஆன்லைனில் பச்சைப் பசேல் என்று படம் போட்டு விற்கிற விதைப் பாக்கெட்டுகளில் பல இந்த ரகம்தான். பாக்கெட்டின் பின்பக்கம் ரை, ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் என்று ஏதாவது இருந்தால் ஊட்டியில் இருப்பவருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஊட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. அங்கே வழியெல்லாம் அடர்த்தியாகப் படர்ந்திருக்கும் புல்லைப் பார்த்துவிட்டு அதில் ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது கிக்குயூ. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்துப் புல். நம் சமவெளி வெயிலில் சுணங்கும். அங்கேயோ சோலைப் புல்வெளிகளுக்கே அது தொல்லையாகிவிட்டது. எடுத்துவராதீர்கள்.

21 ஜூலை 2024

திருச்சியிலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். அவர் வீட்டில் கொரியன் நன்றாக இருக்கிறதாம், நான் சும்மா குறை சொல்கிறேனாம்.

சரி, கொரியனுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். மெதுவாக வளரும், அதனால் வெட்டு வேலை குறைவு. உப்பையும் ஓரளவு தாங்கும். யாரும் மிதிக்காத, பார்க்க மட்டும் வைத்திருக்கிற இடத்துக்கு அழகு. திருச்சிக்காரர் வீட்டில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அவருக்குச் சரி.

ஆனால் "வெட்டவே வேண்டாம்" என்பது விற்பவர் பேச்சு. மெல்லிய ஊசி இலைக் கொரியனை வெட்டாமல் விட்டால் தரை முழுக்கப் பந்து பந்தாக எழும்பும். எங்கள் கோவை வீட்டில் முன்பு இருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன கொரியன் அப்படித்தான் நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் இதென்ன டிசைனா என்று கேட்டார்கள். விரலை உள்ளே விட்டால் மேலே அரை அங்குலம்தான் பச்சை, அதற்குக் கீழே காய்ந்த சருகு ஒரு சாண் போகிறது. தண்ணீர் ஊற்றினால் அந்தச் சருகு குடித்துக்கொள்ளும். மண் கீழே உலர்ந்தே கிடக்கும். இரும்பு வாரியால் வாரி எடுத்தபோது புல்லைவிடக் குப்பைதான் அதிகம் வந்தது.

ஒரு சாண் என்று எழுதியது கொஞ்சம் கூடுதல். நாலு விரல் கடை.

3 ஆகஸ்ட் 2024

எந்தப் புல் எது என்று நேரில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நர்சரியில் சொல்கிற பெயரை நம்பி இறக்காதீர்கள். மெக்சிகன் என்று விற்பதும் பெரும்பாலும் கொரியனின் சொந்தக்காரன்தான், இலை கொஞ்சம் அகலம், அவ்வளவே. மெக்சிகோவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டும் ஜோய்சியா என்ற ஆசியப் புல் இனம்.

ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளங்கையால் மேலே தடவினால் குத்துகிறதா? ஜோய்சியா. இலை விறைப்பாக, நுனி கூராக இருக்கும். பூத்திருந்தால் ஒற்றைக் கதிர்தான் நிற்கும். அருகம்புல் மெத்தென்று இருக்கும். இலை தண்டோடு சேருகிற இடத்தில் வெயிலுக்கு நேரே பிடித்தால் வெள்ளை மயிர் ஒரு வரிசை தெரியும். பூங்கதிர் விரல்களை விரித்துப் பிடித்ததுபோல நாலைந்து கிளையாக இருக்கும். ஓடுதண்டு தட்டையாக, இலை கால் அங்குலத்துக்கு மேல் அகலமாக, நுனி மழுங்கலாக இருந்தால் எருமைப்புல். கதிர் இரண்டாகப் பிரிந்து V போல நின்றால் பஸ்பாலம். கடற்கரைப் புல் அது, உப்புக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டி. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் வீடு கட்டியவர்கள் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

துண்டைத் திருப்பி மண் பக்கமும் பாருங்கள். அங்கே கறுப்பாக, கொண்டைக்கடலை அளவில் உருண்டைகள் நூல் போன்ற வேரில் வரிசையாகத் தொங்கினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அது கோரை.

3 ஆகஸ்ட் 2024, இரவு

கோரையைப் பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

கோரை புல்லே அல்ல. தண்டைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள், மூன்று பட்டை நெருடும். பிடுங்கினால் சுலபமாக வந்துவிடும், உங்களுக்கும் சந்தோஷம். வந்தது மேல் தண்டு மட்டும். கிழங்கு கீழே தங்கி, பக்கத்துக் கிழங்கோடு சேர்ந்து இரண்டாக முளைக்கும். புல் போட்ட பிறகு இதை ஒழிப்பது பெரும்பாடு, போடுவதற்கு முன்னால்தான் முடியும்.

இப்போது ஆகஸ்ட். மதுரைக்கு நல்ல மழை ஐப்பசியில். நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது. வெறும் நிலத்தைக் கொத்தி, தண்ணீர் விட்டு, கோரையை முளைக்கவிடுங்கள். முளைத்ததும் கடப்பாரையால் ஆழக் கிண்டிக் கிழங்கோடு எடுங்கள். மறுபடியும் தண்ணீர் விடுங்கள். வெறும் நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள், பார்க்கட்டும். எடுத்த கிழங்கைச் சிமெண்டுத் தரையில் வெயிலில் காயப்போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று காசு கொடுத்து வாங்குவது இதைத்தான்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2022 முதல் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்ற ஆட்களைக் கொண்டுதான் அதை அடிக்க வேண்டும் என்பது மத்திய அரசு உத்தரவு. பிள்ளைகளும் நாயும் உருளப்போகிற 2 சென்ட்டுக்கு அது வேண்டாம் என்பேன். கடப்பாரை போதும்.

7 செப்டம்பர் 2024

விநாயகர் சதுர்த்தி. காலையிலிருந்து எங்கள் வீதியில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து எங்கள் புல்தரையில் கிள்ளிக்கொண்டு போனார்கள். ஓரத்தில் எடுங்கள் என்று சொன்னால் நடுவில்தான் நீளமாக இருக்கிறதாம். கொரியன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, திருச்சி நண்பர் இதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

அப்படியானால் வயல் வரப்பிலிருந்தே அருகம்புல்லைப் பெயர்த்து வந்து நடலாமே என்று கேட்கிறார்கள். நடலாம், செலவில்லை, உயிர் பிடிக்கும். இரண்டு சங்கடம். வரப்பு மண்ணோடு கோரையும் வரும். அப்புறம் நாட்டு அருகு சீக்கிரம் கதிர் விடும், இடைவெளி விட்டு உயரமாக வளரும், தரை மூட நாளாகும். நர்சரியில் செலக்‌ஷன் 1 என்றோ டிஃப்வே என்றோ கிடைப்பவை குட்டையாக, நெருக்கமாகப் படரும். டிஃப்வே அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் உருவாக்கிய கலப்பினம், 1960-இல் வெளிவந்தது. அதற்கு முளைக்கிற விதை கிடையாது, தண்டை நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஆகவே "டிஃப்வே விதை" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

20 செப்டம்பர் 2024

வேப்பமரத்துக்கு வருகிறேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம், மதுரைக்காரருக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரத்தடியில் புல் போடாதீர்கள். அருகம்புல்லுக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் அது மெலிந்து, தண்டு நீண்டு, இலை இலையாக எண்ணலாம் போல நிற்கும். நிழல் தாங்குவது எருமைப்புல்தான், மேஸ்திரி அந்த மட்டுக்கும் சரியாகத்தான் சொன்னார். ஆனால் வேப்பவேரோடு தண்ணீருக்குப் போட்டி போடுவது அதனால் ஆகாது, உங்கள் உப்புத் தண்ணீரிலும் நிற்காது. நல்ல தண்ணீர் உள்ள ஊரில் மாமர நிழலுக்கு அதையே நான் சொல்லுவேன்.

மரம் மேற்கே இருப்பதால் மற்ற இடத்துக்குக் காலை வெயில் முழுசாகக் கிடைக்கும், பிற்பகல் வெயில் குறையும். பிற்பகல் மூன்று மணிக்கு மர நிழல் எதுவரை வருகிறது என்று பார்த்துச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோட்டுக்கு மரத்தின் பக்கம் புல் கிடையாது. ஆற்று மணல் கொட்டி ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மணல்தான் பிடிக்கும், நாய் வெயில் நேரத்தில் அங்கேதான் குழி தோண்டிப் படுக்கும்.

இப்படிச் செய்தால் 2 சென்ட் என்பது ஒன்றேகால் சென்ட் ஆகிவிடும். தண்ணீரும் வாரம் 2000 லிட்டரிலிருந்து 1250-க்கு இறங்கும்.

21 செப்டம்பர் 2024

மரத்தடியிலும் பச்சை இருந்தே ஆக வேண்டும் என்று மதுரைக்காரர் வீட்டம்மா சொல்கிறாராம். சரி, கோட்டை ஒட்டி, பாதி வெயில் படுகிற பட்டையில் பொடுதலை வைத்துப் பாருங்கள். குளத்தங்கரையில் தானாகப் படர்ந்து கிடக்கும், வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குட்டிப் பூ. தரையோடு தரையாக ஓடும், வெட்ட வேண்டியதில்லை. ஜப்பானில் இதிலேயே ரகம் தேர்ந்து புல்லுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். தேனீ நிறைய வரும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பாத்திக்குள்ளும் நுழையும். ஆஸ்திரேலிய ஆற்றுச் சமவெளிகளில் இதன் நெருங்கிய சொந்தக்காரச் செடி ஒன்றைக் களை என்று விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொடுதலை நம் ஊர் நாட்டுச் செடிதான், பயமில்லை.

காட்டு நிலக்கடலை என்று மஞ்சள் பூ விடும் படரி நர்சரிகளில் கிடைக்கிறது, அதுவும் பாதி நிழலுக்கு ஆகும். வெடேலியா தந்தால் வாங்காதீர்கள். அதற்கும் மஞ்சள் பூதான், ஆனால் வேலி தாண்டிப் போனால் பிறகு பிடிக்க முடியாது.

2 நவம்பர் 2024

மதுரையில் மழை நன்றாகக் கிடைத்ததாம், புல் நட்டுவிட்டார். பாய் பாயாக விரிக்காமல் கொத்து கொத்தாகக் கிள்ளி அரை அடிக்கு ஒன்று நட்டிருக்கிறார். முதலில் பாயாகவே போடச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர் செலவுக் கணக்கைப் பார்த்த பிறகு, பெர்முடா ஓடுகிற வேகத்துக்குக் கொத்து நடவே போதும் என்று எனக்கும் படுகிறது. கொரியனை இப்படி நட்டால் தரை மூட அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

மழைத் தண்ணீர் உப்பைக் கீழே கழுவி இறக்கும், அதனால் உப்புத் தண்ணீர்க்காரர்கள் மழைக்கு முன்னால் நடுவதுதான் லாபம். இன்னொன்று: ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று புல்லுக்குத் திருப்பிவிடுகிறார்கள் சிலர். 1500-க்கு மேல் உப்பைச் சேர்த்து வெளியே தள்ளுவதுதான் அந்த மிஷினின் வேலை. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

19 ஜனவரி 2025

மதுரைக்காரர் முதல் வெட்டு பற்றிக் கேட்கிறார். இரண்டரை அங்குலம் வளர்ந்ததும் வெட்டலாம். ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற உற்சாகத்தில் தரையோடு மழித்துவிட்டு, மஞ்சளாகிவிட்டதே என்று எழுதாதீர்கள். ஏற்கெனவே ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார்.

யூரியா: ஒரு சென்ட்டுக்குக் கால் கிலோ போதும். போட்ட கையோடு தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்த இடமெல்லாம் கருகும். நாய் சிறுநீர் விழுகிற இடத்தில் நடுவில் கருகலும் சுற்றிலும் கரும்பச்சை வளையமும் வருவதும் இதே காரணத்தால்தான். நடுவில் தழைச்சத்து மிஞ்சிவிடுகிறது, ஓரத்தில் அளவாகக் கிடைக்கிறது. நாய் போன உடனே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். முட்டை ஓடு, சாம்பல், தக்காளிச் சாறு என்று நாய்க்குக் கொடுக்கச் சொல்லும் வைத்தியங்களை நான் நம்புவதில்லை.

9 மார்ச் 2025

தண்ணீர் தினமும் ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் மாமனார் கேட்பதில்லை. சாயங்காலம் ஆனால் ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார், அது அவருடைய பொழுதுபோக்கு. மேல் மண் மட்டும் நனையும், வேர் மேலேயே தங்கும், ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருப்பதால் வட்ட வட்டமாகப் பூஞ்சாணம் வரும். வாரம் இரண்டு தடவை, அதிகாலையில், அரை அடி ஆழம் நனைகிற மாதிரி. நனைந்ததா என்று ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தால் தெரியும், ஈரம் உள்ள ஆழம் வரை தடையில்லாமல் இறங்கும். உப்புத் தண்ணீர் உள்ளவர்களுக்கு ஆழமாக விடுவது இன்னும் முக்கியம், உப்பு வேரைத் தாண்டிக் கீழே போக வேண்டுமே.

மாமனாரிடம் ரோஜாத் தொட்டிகளை ஒப்படைத்திருக்கிறேன். இப்போது ரோஜா அழுகிக்கொண்டிருக்கிறது.

18 மே 2025

மதுரையிலிருந்து படம் வந்திருக்கிறது. நடுவில் நல்ல பச்சை, மணல் பக்கம் கட்டில், கட்டிலுக்கு அடியில் நாய். ஆனால் மரத்துப் பக்க ஓரத்தில் மட்டும் புல் வாடுகிறது, இழுத்தால் பாயாகக் கையோடு வருகிறது, மைனாக்கள் கொத்திக்கொண்டே இருக்கின்றன என்கிறார்.

வேர்ப்புழுவாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள்: வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, C போலச் சுருண்டு கிடக்கும். இதற்கும் உங்கள் வேப்பமரத்துக்கும் தொடர்பு உண்டு. கோடை மழை பெய்த அன்று இரவு பழுப்பு வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பிலை தின்ன மரத்துக்கு வரும். தின்றுவிட்டுப் பக்கத்து மண்ணில் முட்டை வைக்கும். அந்தப் புழு புல்லின் வேரைத் தின்னும்.

அடுத்த மழை நாளில் இருட்டியதும் மரத்தடியில் பழைய சேலை ஒன்றை விரித்துத் தாழ்ந்த கிளைகளை உலுக்குங்கள். விழுகிற வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ராத்திரி தூங்கவே மாட்டார்கள். வாடிய ஓரத்தைப் பெயர்த்துப் புழுவைப் பொறுக்கிவிட்டு, வேப்பம் புண்ணாக்கு கலந்து மறுபடி கொத்து நடலாம். மைனாவை விரட்டாதீர்கள், அது உங்கள் வேலையைத்தான் செய்கிறது.

25 மே 2025

பொறுக்கியதில் ஒரு சின்ன வாளி வண்டு தேறியதாம். பக்கத்து வீட்டு மரத்தையும் உலுக்கலாமா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு உலுக்குங்கள். அவர்கள் வீட்டில் கொரியன் போட்டிருக்கிறார்களாம், அதன் வேரையும் அந்தப் புழு விடாது.

புல் வெட்டும் மிஷின் வாங்குவது பற்றிக் கேட்டவருக்கு: ஒன்றேகால் சென்ட்டுக்குப் பெட்ரோல் மிஷின் வேண்டாம். கையால் தள்ளுகிற உருளைக் கத்தி மிஷின் போதும், கத்தரிக்கோல் போலச் சுத்தமாக நறுக்கும். வாங்குமுன் ஒரு செய்தித்தாள் துண்டைக் கத்திக்குள் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். கிழிந்தால் வேண்டாம், நறுக்கினால் வாங்கலாம்.